புகை ஒன்று, நெருப்பு எது?

மலைமேற் புகை எழக் கண்டால் அங்கே நெருப்புண்டு எனத் துணிவதை அனுமானம் என்பர் நம் முன்னோர். கண்ணாற் காணவியலாத பொருளைத் தேடும் வானியல் அறிஞருக்கும் இவ்வனுமானமே துணையாகின்றது.

அவர்கள் தேடுவது கரும்பொருள். 1970ஆம் ஆண்டில் வேரா ரூபின் அம்மையாரும் கென்ற் போட் என்பாரும் அந்திரொமேடா விண்மீன் கூட்டத்தின் சுழற்சியை அளந்தனர். மையத்தை விட்டு விலக விலக வேகம் குறையும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அவ்வாறு குறையவில்லை. புலப்படாத ஏதோவொரு பொருளின் ஈர்ப்பே அதற்குக் காரணமாதல் வேண்டும். அண்டத்தில் அப்பொருள் சாதாரண பொருளைப் போல் ஏறத்தாழ 5 மடங்கு உண்டென்பது இன்றைய கணக்கு.

கரும்பொருள் ஒளி தருவதில்லை. ஆயினும் அதன் துணிக்கைகள் இரண்டு மோதி அழியுமாயின் காமாக் கதிர் பிறக்கலாம் என அறிஞர் கருதுகின்றனர். அக்கதிரே நாம் தேடும் புகை. அது மிகுதியாக எழக்கூடிய இடம், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ள நமது பால்வீதியின் நடுப்பகுதியாகும். காமாக் கதிரை வளிமண்டலம் தடுத்துவிடும். ஆதலின் விண்ணிலிருந்தே அதனை நோக்க வேண்டும். 2008இல் ஏவப்பட்ட பெர்மித் தொலைநோக்கியின் பதிவுகளை மறு ஆண்டே ஆராய்ந்த லிசா குடினஃப், டான் ஹூப்பர் ஆகிய இருவரும், அந்நடுப்பகுதியில் கணக்குக்கு மிஞ்சிய காமா ஒளி இருப்பதைக் கண்டனர்.

புகை கிடைத்தது. நெருப்பு எது? விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை சுழலும் துடிப்பு விண்மீன்கள், தனித்தனியே தெரியாவண்ணம் கூட்டமாக நின்று அதே ஒளியைத் தரலாமன்றோ? 2016இல் வெளியான இரண்டு ஆய்வுகள் இக்கருத்துக்கு வலுவூட்டின. 2019இல் வெளியான வேறோர் ஆய்வோ, அத்தகைய கணக்கு முறை நம்மைத் தவறான வழியிற் செலுத்தக்கூடும் எனக் காட்டிற்று. வழக்கு இன்னும் தீரவில்லை.

ஐயம் நீங்க ஒரு வழியுண்டு. பால்வீதியைச் சூழ்ந்துள்ள சிறிய விண்மீன் கூட்டங்களிற் கரும்பொருள் மிகுதி. துடிப்பு விண்மீன்கள் அரிது. அங்கும் அவ்வொளி தோன்றினாற் கரும்பொருளின் பக்கம் வலுக்கும். எனினும் அத்தகைய 15 கூட்டங்களை ஆராய்ந்து 2015இல் வெளியிட்ட முடிவில், உறுதியான ஒளி எதுவும் தென்படவில்லை.

விரும்பிய விடை கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும்போதும், பிறிதொரு காரணமும் இருக்கலாமோ என வினவிப் பொறுத்திருப்பது எளிதன்று. அப்பொறுமையின்றி விஞ்ஞானம் இல்லை. புகையை மட்டும் கண்டு நெருப்பின் பெயரைக் கூறிவிடலாகாது என்பதை நம் மாணவர் மனங்கொள்வாராக.