சுவரில் ஒரு பழைய தேசப்படம்

புதிய நாட்டில் வாடகை வீடெடுத்துக் குடியேறியதும் சுவர்கள் வெறுமையாக இருக்கும். ஊரிலிருந்த படங்களை எடுத்துவர முடிந்தவர்கள் எம்மவரில் சிலரே. கடைகளில் விற்கும் அலங்காரப் படங்களோ விலை கூடியவை. அதிகம் செலவில்லாமல், பிள்ளைகளோடு சேர்ந்து செய்யக்கூடிய ஒரு வழியுண்டு. எமது கரையோரத்தின் பழைய தேசப்படமொன்றைப் பிரதியெடுத்து மாட்டலாம்.

எந்தப் படம்?

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். அங்கு பணியாற்றிய பாதிரியார் பல்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில் குடாநாட்டின் படம் உள்ளது. திருகோணமலை, மட்டக்களப்புக் கோட்டைகளையும் ஒல்லாந்தர் வரைந்து வைத்தனர். நெதர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையத்தளத்தில் இத்தகைய படங்களைத் தேடிப் பார்க்கலாம்.

ஒல்லாந்தர் எமது தீவுகளுக்குத் தமது நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். நெடுந்தீவு டெல்ப்ட் ஆனது, வேலணை லெய்டன் ஆனது, காரைதீவு அம்ஸ்ரடாம் ஆனது. ஆகவே படத்தை அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஒவ்வொரு தீவுக்கும் அருகே அதன் தமிழ்ப் பெயரைப் பிள்ளைகளைக் கொண்டே எழுதுவியுங்கள். பெயர் தெரியாவிட்டால் அம்மம்மாவையோ தாத்தாவையோ கேட்கட்டும். சுவருக்கு அழகு வருவதிலும் பார்க்க இந்தக் கேள்வியே பெரிய இலாபம்.

செய்யும் முறை

தடித்த தாளில் லேசர் பிரதி எடுங்கள். மைத்துளி அச்சு ஈரத்தில் கரைந்துவிடும். பால் கலக்காத கடும் தேநீரை ஆறவைத்து, பஞ்சினால் தாளில் ஒற்றி, தட்டையாக உலரவிடுங்கள். பழுப்பு நிறம் ஏறிய பின் பெயர்களை எழுதலாம்.

பழைய பொருட் கடையில் மரப் பிரேம் மலிவாகக் கிடைக்கும். 30க்கு 40 சென்ரிமீற்றர் பிரேமில் நான்கு சுற்றுக் கயிறு ஒட்ட 6 மீற்றர் போதும். தும்புக் கயிறோ சணல் கயிறோ நல்லது. நுனிகளை நூலால் இறுகச் சுற்றிக் கட்டினால் பிரியாது. மிஞ்சும் கயிற்றை ஜாம் போத்தலில் சுற்றி ஒட்டி, உள்ளே பற்றரி விளக்கு வைக்கலாம். மெழுகுதிரி வேண்டாம்.

பக்கத்தில் ஒரு பாய்க்கப்பல் படமும் பொருந்தும். வல்வெட்டித்துறையில் கட்டப்பட்ட 'அன்னபூரணி' 1938இல் அமெரிக்காவின் குளோஸ்டர் துறைமுகம்வரை சென்றது. எம்மவரின் கடலோட்டத்தைப் பிள்ளைகள் அறிய இது நல்ல சாட்சி.

கவனிக்க வேண்டியவை

வெயில் நேராகப் படும் சுவரில் மாட்டினால் நிறம் மங்கும். வாடகை வீட்டில் ஆணி அடிக்க முன் உரிமையாளரைக் கேளுங்கள்.

இன்னொன்று: கடல் எல்லோருக்கும் அழகாகத் தெரிவதில்லை. படகுப் பயணத்திலோ 2004 சுனாமியிலோ உறவுகளை இழந்தவர்கள் வீட்டில் இருந்தால், முதலில் அவர்களிடம் கேளுங்கள். அவர்கள் விரும்பாவிட்டால் கப்பலை விட்டுவிட்டு, ஊர்ப் பெயர்களோடு தேசப்படத்தை மட்டும் மாட்டுங்கள்.