சீட்டுக்காசை எடுத்து வைக்கிற மாதிரி

மாமி வைத்துவிட்டுப் போன தேத்தண்ணியில் ஆடை படியத் தொடங்கிவிட்டது. மாமா கோப்பையைத் தொடவில்லை. மேசையில் விரித்திருந்த கடிதங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். சுவிசில், திரிம்பாக் மனோன்மணி அம்பாள் கோயிலில் பூசிய திருநீறு நெற்றியில் இன்னும் அழியவில்லை.

"ஒக்டோபரோட வேலை முடியுது பிள்ளை. அதுக்குப் பிறகு எவ்வளவு வரும், காணுமோ காணாதோ, அதை மட்டும் பாத்துச் சொல்லு."

மருத்துவமனைகளிலும் அலுவலகங்களிலும் தமிழுக்கும் ஜெர்மனுக்கும் இடையில் நின்று மொழிபெயர்ப்பது என் வேலை. கடிதத்தை வாசித்துச் சொல்லிவிட்டு எழும்பிப் போய்விடலாம். ஆனால் அந்தக் கடிதங்கள் கேட்பது காசுக்கணக்கு மட்டும் இல்லை என்பதை இத்தனை வருடத்தில் கண்டிருக்கிறேன். அதனால் இன்னொரு கோப்பைக்குச் சொல்லிவிட்டு இருந்துகொண்டேன்.

முதலில் அவர் கேட்ட கணக்கு. 1948இல் தொடங்கிய ஆ-ஹா-ஃபௌ, அதாவது அரச முதியோர் பென்சன், முழுதாகக் கிடைக்க 44 வருடம் கட்டியிருக்க வேண்டும். இருபது வயது முடிந்து வருகிற ஜனவரியிலிருந்து 65 வரை எண்ணினால் அந்த 44 வரும். இந்த நாட்டில் பிறந்தவருக்கு அது இயல்பாக நிறைந்துவிடும். மாமா வந்து இறங்கியது முப்பதாவது வயதில். ஒரு வருடமும் விடாமல் கட்டியிருந்தாலும் 35தான் வருகிறது. முழுப் பென்சனில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு. அதற்கு மேல், வேலை செய்த இடத்தின் பென்சன் காசே. 1985இலிருந்து சட்டப்படி கட்டாயமான, சுவிஸ் பென்சன் முறையின் இரண்டாவது தூண் அது.

"அப்ப காணும்," என்றார்.

"எதுக்குக் காணும் மாமா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அந்தக் கேள்வியை அவரிடம் யாரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். எந்த மாநிலத்தில் இருப்பது என்பதை முதலில் அரசு தீர்மானித்தது. அகதி விண்ணப்பம் கொடுத்தவர்களை மாநிலங்களுக்குப் பிரித்து அனுப்புவதுதான் இங்கே முறை. பிறகு முகாமின் நேரம். பிறகு முப்பது சொச்சம் வருடம், ரெஸ்ரோறன்ற் குசினிச் சுவரில் ஒட்டுகிற வேலைப்பட்டியல். அதில் தன் பெயர் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்ப்பதுதான் அவருக்குத் தெரிந்த திட்டமிடல். இப்போது முதல் தடவையாக வெறும் பட்டியல் ஒன்று அவர் கையில் வருகிறது.

"வேலையில்லாத ஒரு நல்ல கிழமை உங்களுக்கு எப்பிடி இருக்கோணும்? அதைச் சொல்லுங்கோ. காசைப் பிறகு பாப்பம்."

கனநேரம் யோசித்துவிட்டுச் சொன்னார். காலமையில கோயில். கொஞ்சம் தோட்டம். பேரனோட இருக்கோணும். ஊரில அக்காவோட கொஞ்சக் காலம். ஊர் என்றால் புங்குடுதீவு. சுவிசில் இருக்கிற எங்களில் பலருக்கு அதுதான் ஊர்.

நல்ல விடைதான். ஆனால் "பேரனோட இருக்கோணும்" என்பது ஆசை. அந்த ஆசைக்குள் அவர் எதை மதிக்கிறார் என்பதைத் தோண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. தோண்டினேன். பேரனுக்கு ஆறு வயது. சனிக்கிழமைதோறும் வருவான். மாமா வெள்ளி இரவு வேலை முடிந்து ஒரு மணிக்கு வந்து படுப்பார், அவன் வந்து போகும்வரை நித்திரை. "அவன் என்னோட ஜெர்மன்ல கதைக்கிறான் பிள்ளை. எனக்கு விளங்குது, ஆனால் அவன் எனக்குச் சொல்லுற மாதிரி இல்லை." அவர் விரும்பியது அதுதான்: அந்தப் பிள்ளை தன்னிடம் தமிழில் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவருக்கு அவ்வளவு பெரிய அந்தக் காரியத்துக்கு ஆறு வருடத்தில் ஒரு மணித்தியாலம்கூட ஒதுக்கப்படவில்லை. அவர் கெட்ட தாத்தா இல்லை. மிஞ்சுகிற நேரத்தில் செய்யலாம் என்று விட்டிருந்தார், நேரம் மிஞ்சவில்லை.

"மாமா, சீட்டுக்காசை எப்ப எடுத்து வைப்பியள்?"

"சம்பளம் வந்த அண்டைக்கே."

"செலவெல்லாம் முடிய மிச்சத்தில கட்டுவம் எண்டு விட்டால்?"

"ஒரு மாதமும் கட்டுப்படாது."

சீட்டைப் பற்றி அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க ஒன்றும் இல்லை. இருபது பேர் சேர்ந்து, சீட்டை நடத்துகிற தாச்சி ஒருவரை நம்பி, மாதாமாதம் கட்டி, அவசரக்காரர் கழிவு விட்டு முதலில் எடுக்க, பொறுத்திருப்பவர் கடைசியில் கூடுதலாக எடுக்க, வங்கி கடன் கொடுக்காத அந்தக் காலத்தில் தம்பியைக் கூப்பிட்டதும் தங்கச்சியைக் கட்டிக்கொடுத்ததும் இந்தக் காசில்தான். காய்ச்சலில் கிடந்த மாதத்திலும் மாமா தாச்சிக்குக் காசு அனுப்பியிருக்கிறார். வீட்டு வாடகைக்கு முன்பே சீட்டுக்காசு வைக்கிற கடித உறை தனியாகிவிடும். எது முக்கியமோ அது செலவுக்கு முன்னால் எடுத்துவைக்கப்படும், மிச்சத்தில் சீவியம். இதைவிடத் தெளிவான முன்னுரிமைப் பாடத்தை நான் எந்தப் புத்தகத்திலும் வாசிக்கவில்லை. காசில் பழகியதை நேரத்துக்குக் கொண்டுவருவது மட்டும்தான் மிச்சம். சனிக்கிழமை பத்திலிருந்து பன்னிரண்டு வரை, மற்ற எதையும் எழுதுவதற்கு முன்னால், தனி உறை.

"இரண்டு மணித்தியாலம்தானே, அது காணுமோ?" என்றார். முக்கியமானது என்றால் நாள் முழுக்க அதுவாகவே இருக்க வேண்டும் என்று பலர் நினைத்து, அப்படி முடியாதபோது மொத்தமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். எனக்குத் திருக்குறளின் அமைப்பு ஞாபகம் வந்தது. 133 அதிகாரங்களில் அறத்துப்பாலுக்கு 38, பொருட்பாலுக்கு 70, காமத்துப்பாலுக்கு 25. இடத்தில் பெரிய பங்கு பொருளுக்கு. ஆனால் முதலில் நிற்பது அறம். முதலில் வருவதற்கு அதிகம் வர வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மாமாவின் வாழ்க்கையில் குசினி எழுபது அதிகாரம் எடுத்துக்கொண்டது, எடுக்கத்தான் வேண்டியிருந்தது, வீடு அதில் நடந்தது. அதற்கு முன்னால் முப்பத்தெட்டை வைக்க முடியாமல் போனதுதான் அவருடைய கவலை.

இதற்குள் தேத்தண்ணி முற்றாக ஆறிவிட்டது. மாமி கோப்பையை எடுத்துக்கொண்டு போனார்.

அடுத்து ஊர்க் கனவு. ஆறு மாதம் அங்கே, ஆறு மாதம் இங்கே. சுவிசில் எந்தத் தமிழ்க் கல்யாண மண்டபத்தில் இருந்தாலும் அறுபது தாண்டியவர்கள் மேசையில் இந்தக் கதை ஓடும். இதைக் கனவாகவே வைத்திருப்பதில் ஆபத்து உண்டு. சி காட்டில், அதாவது நிரந்தர வதிவிட அனுமதியில், இருப்பவர் ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் தங்கினால், முன்கூட்டியே அனுமதி கேட்டு எடுத்திருந்தாலொழிய, அந்தக் காட் இல்லாமல் போகும். பென்சன் காணாமல் மேலதிக உதவிப்பணம் எடுப்பவர் வருடத்தில் 90 நாளுக்கு மேல் வெளியில் இருந்தால் அது நிறுத்தப்படும். சுவிஸ் குடியுரிமை எடுத்தவருக்கு முதியோர் பென்சன் எந்த நாட்டுக்கும் வரும். இலங்கைக் கடவுச்சீட்டோடு நிரந்தரமாகத் திரும்பிப் போகிறவருக்கு அப்படி வராது. கட்டியதைத் திருப்பிக் கேட்கத்தான் முடியும். மாமா குடியுரிமை எடுத்தவர். அவருக்கு வழி திறந்திருக்கிறது. அதனால் நான் கேட்டது வேறு: "அங்க போய் என்ன செய்யப் போறியள்?"

"வீடு கட்டுவன்." மூன்றாவது கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "பென்சன் காசேல இருக்கிறதை ஒரேயடியா எடுக்கிறன். அதுக்குத்தான் இந்தப் பேப்பர்."

மாதாமாதம் பென்சனாக எடுப்பதா, மொத்தமாக எடுப்பதா என்று கேட்கும் படிவம் அது. மொத்தமாக எடுத்தால் பிறகு மாற்ற முடியாது. மாதாமாதம் எடுத்தால் கணவர் இல்லாத காலத்தில் மனைவிக்கு அந்தப் பென்சனில் சட்டப்படி 60 வீதம் தொடர்ந்து வரும். மொத்தமாக எடுத்த காசு புங்குடுதீவில் கல்லும் சீமெந்துமாக நின்றால், அதிலிருந்து மாமிக்கு மாதாமாதம் ஒன்றும் வராது. இதை நான் மெதுவாக, இரண்டு தடவை சொன்னேன். பிறகு படிவத்தின் கீழே விரலை வைத்தேன். மனைவியின் கையொப்பத்துக்கு ஒரு கோடு. அது இல்லாமல் மொத்தக் காசைக் கொடுக்க மாட்டார்கள். சட்டம் அப்படி.

"அவ போடுவாள்," என்றார் மாமா.

குசினி வாசலில் நின்ற மாமி சொன்னார்: "என்னை ஒருத்தரும் கேக்கேல்லையே."

கோபமாகச் சொல்லவில்லை. சொன்னது ஒரு தகவல், அவ்வளவுதான். மாமி பிறந்தது 1964. பெண்களின் பென்சன் வயதைப் படிப்படியாக உயர்த்தி 2024இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தில், முழுதாக 65 வரை போக வேண்டிய முதல் வருடத்தார் அந்த ஆண்டில் பிறந்தவர்கள். 2029 வரை அவருக்குத் துப்புரவு வேலை இருக்கிறது. மாமா போட்ட ஆறு மாதத் திட்டத்தில் "நாங்கள்" என்ற சொல் பத்துத் தடவை வந்தது. அதற்குள் மாமி இல்லை. குடும்பமாகத் திட்டமிடுகிறோம் என்று நாங்கள் சொல்வது அநேகமாக இப்படித்தான், ஒருவருடைய விருப்பத்தை மற்றவருடைய கையொப்பத்தோடு நடத்துவது. எனக்கு இதில் உறுதியான அபிப்பிராயம் உண்டு: ஒரே வீட்டில் முப்பது வருடம் இருந்தவர்களும் இரண்டு தனித் தாளில் எழுத வேண்டும். பிறகுதான் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

தாள் என்றதும் நான் பையிலிருந்து வேறு இரண்டை எடுத்தேன். 2013 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து சுவிஸ் குடியியல் சட்டத்தில் இருப்பவை. ஒன்று, பட்சியென்டன்ஃபெர்ஃப்யூகுங்: எனக்குச் சுயநினைவு இல்லாதபோது எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம், எனக்காக யார் டொக்டரோடு கதைப்பது என்று எழுதி, திகதி போட்டுக் கையொப்பம் வைப்பது. மற்றது, ஃபோர்சோர்கெ-ஆவுஃப்ட்ராக்: முடிவெடுக்க இயலாமல் போனால் என் காசையும் கடிதங்களையும் என்னையும் யார் பார்ப்பது என்பது. இதை முதல் எழுத்திலிருந்து கையொப்பம்வரை சொந்தக் கையால் எழுத வேண்டும், அல்லது நொத்தாரிசிடம் போக வேண்டும். கணினியில் அடித்துக் கையொப்பம் மட்டும் வைத்தால் செல்லாது. எங்கள் ஆட்கள் பலர் தவறுவது அந்த இடத்தில்தான்.

"இதெல்லாம் சாகிற கதை," என்று மாமா முகத்தைத் திருப்பினார்.

அவருக்கு ஒரு இரவைச் சொன்னேன். ஒரு மருத்துவமனை, தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசல். உள்ளே அப்பா. வெளியே மூன்று பிள்ளைகள். டொக்டர் கேட்டதை நான் தமிழில் சொன்னேன்: உங்கள் விருப்பம் என்ன என்று நான் கேட்கவில்லை, உங்கள் அப்பா இப்போது கதைக்க முடிந்தால் என்ன சொல்லுவார்? மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அப்பா அவர்களுக்காக எவ்வளவு உழைத்தார் என்று அவர்களுக்குத் தெரியும். அவர் எதை விரும்பினார் என்று தெரியவில்லை. மூத்தவன் அழுதுகொண்டு சொன்னான்: "அவர் ஒண்டும் கேக்கிறேல்லை அக்கா." இத்தனை வருடத்தில் நான் மொழிபெயர்த்த வசனங்களில் எனக்கு நித்திரை கெடுத்தது அது.

திரிம்பாக்கிலிருந்து ஹவுன்ஸ்டைன் மலைக்குள் புகும் பழைய ரயில் சுரங்கம் மாமாவுக்கு நன்றாகத் தெரியும். சிஸ்ஸாக் போகிற சின்ன ரயில் இன்றும் அதற்குள்ளால்தான் போகிறது. அதை வெட்டும்போது, 1857 மே 28இல், காற்றுக்காகத் தோண்டிய குழியின் மரச்சட்டங்கள் தீப்பிடித்து இடிந்து விழுந்து 52 பேரை உள்ளே அடைத்துவிட்டன. அவர்களை மீட்கப் போய் நச்சுக்காற்றில் இறந்தவர்கள் 11 பேர். உள்ளேயிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. வெளியில் நின்றவர்கள் உள்ளே இருந்தவர்களின் நிலை தெரியாமலே முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த வாசலில் நின்ற மூன்று பிள்ளைகளையும் பார்த்தபோது எனக்கு இந்தச் சுரங்கம்தான் மனதில் வந்தது.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எழும்பிப் போய் அலுமாரியிலிருந்து தன் பழைய சீட்டுக் கொப்பியைக் கொண்டுவந்தார். பின்பக்கத்தில் வெறும் தாள்கள் இருந்தன. முதல் வரியில் "சனி 10–12" என்று எழுதி, பேரனின் பெயரை எழுதினார். அதற்குக் கீழே என்ன எழுதுவது என்று பேனாவைப் பிடித்தபடி இருந்தார்.

"தமிழில எழுதுங்கோ முதல். உங்களுக்கு விளங்கின பிறகு ஜெர்மனுக்கு மாத்துவம்."

மாமி புதுத் தேத்தண்ணியோடு வந்து, மேசையின் மற்றப் பக்கத்தில் இருந்தார். கொப்பியிலிருந்து ஒரு தாளைத் தனக்கென்று கிழித்து எடுத்தார். என் பேனாவை வாங்கி எழுதத் தொடங்கினார், நிறுத்தாமல், பல நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தவர் போல. மாமா எட்டிப் பார்த்தார்.

"என்ன எழுதுறாய்?"

மாமி தாளைக் கையால் மறைத்துக்கொண்டார். "முதல் நீங்கள் உங்கடயை எழுதி முடியுங்கோ."