இசைச் சஞ்சிகையின் முகப்பு இலக்கணம்

இசை செவிக்குரியது, சஞ்சிகை கண்ணுக்குரியது. ஓசையில்லாத தாளிலே ஓசையைப் பற்றி எழுதி, அதனை விலை கொடுத்து வாங்குமாறு வழிச்செல்வோரைத் தூண்டுவது எங்ஙனம் என்னும் வினா, இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இசைச் சஞ்சிகை நடத்தியோர் அனைவரையும் எதிர்நோக்கியதொன்றாகும். அவர்கள் கண்ட விடைகளே நாளடைவில் வழக்காகி, வழக்கு முதிர்ந்து மரபாயின. அம்மரபினை ஆராய்தல், மொழி இலக்கணம் பயில்வார்க்கும் பயன்தரும் ஒரு முயற்சியாம்.

இங்கிலாந்தின் ஓ.சி.ஆர். பரீட்சைச் சபையார், 2008 ஆம் ஆண்டிற் கற்பித்தல் தொடங்கிய ஊடகவியற் பாடத்திட்டத்திலே இதனை ஓர் ஒப்படையாகவே வைத்திருந்தனர். புதிய இசைச் சஞ்சிகை ஒன்றுக்கு முகப்பு, பொருளடக்கப் பக்கம், எதிரெதிரான இரு பக்கங்களில் விரியும் கட்டுரை ஆகிய மூன்றினையும் மாணாக்கர் அமைத்துக் காட்டல் வேண்டும். படங்கள் குறைந்தது நான்கு. படமும் எழுத்தும் அவர்தம் சொந்த ஆக்கமாகவே இருத்தல் வேண்டும். அதன் பின்னர், நடைமுறையிலுள்ள சஞ்சிகைகளின் வடிவ மரபுகளை எவ்வாறு கைக்கொண்டனர், எவ்வாறு வளர்த்தனர், எவ்வாறு எதிர்த்தனர் என்ற வினாவுக்கும் விடையிறுத்தல் வேண்டும்.

இவ்வினா நல்ல வினா. விதியைச் சொல்லிப் பின்னர்ப் புறநடையும் வகுத்த நம் இலக்கண ஆசிரியர்கள் கேட்டால் மகிழ்ந்திருப்பர். ஆயின், இணையத்திற் காணக்கிடைக்கும் மாணாக்கர் விடைகள் பலவற்றில், பெயரை மேலே வைத்தமை, நிறத்தை மூன்றாக வரையறுத்தமை, பட்டைக் குறியீட்டை மூலையில் இட்டமை என்றவாறு செய்தவற்றின் பட்டியலே பெரும்பாலும் உளது. அவ்விதி ஏன் பிறந்தது என்பது அவற்றில் இல்லை. காரணம் அறியாது விதியை மட்டும் அறிந்தவன், அதனைப் பின்பற்றினாலும் பயனில்லை, மீறினாலும் பயனில்லை.

பெயரிலிருந்தே தொடங்குவாம். 1981 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் ‘சவுண்ட்ஸ்’ என்னும் இசை வார இதழின் இணைப்பாக வெளிவந்தது ‘கெராங்!’ என்னும் சஞ்சிகை. மின்கிற்றாரின் நரம்புகளை ஒருங்கே ஓங்கி அறையும்போது எழும் ஓசையே அதன் பெயர். நம் இலக்கணத்தார் ஒலிக்குறிப்பு என வழங்குவது இதுவேயாம். ஓசையில்லாத தாளில் ஓசையை ஏற்றுதற்கு இதனினும் நேரான வழி வேறில்லை. பெயரை எழுதிய எழுத்தும் அதற்கியைய அமைந்தது. அடிபட்டு விரிசல் கண்ட கண்ணாடிபோல அவ்வெழுத்துக்கள் தோன்றும். இறுதியில் ஒரு வியப்புக்குறி வேறு. படிக்கத் தெரியாதவனுக்கும் அது வன்னிசைக்குரிய இதழ் என்பது விளங்கும்.

‘றோலிங் ஸ்ரோன்’ சஞ்சிகையின் பெயரெழுத்து வேறொரு வகையினது. 1967 நவம்பர் 9 எனத் தேதியிட்டு அதன் முதலிதழ் சான் பிரான்சிஸ்கோ நகரிலிருந்து வெளிவந்தது. பெயரை வரைந்தவர் றிக் கிரிவின். அந்நகரத்து இசை நிகழ்ச்சிகளுக்கு வளைந்தும் நெளிந்தும் செல்லும் எழுத்துக்களாற் சுவரொட்டி வரைந்து புகழ் பெற்றவர். அச்சுவரொட்டிகளைக் கண்டு பழகிய இளைஞர்க்கு, சஞ்சிகையின் பெயரைப் படிக்குமுன்னரே அது தம்முடையது என்னும் உணர்வு உண்டாயிற்று. பின்னர் அவ்வெழுத்துப் பலமுறை திருத்தி வரையப்பட்ட போதிலும் அதன் சாயல் தொடர்ந்து பேணப்பட்டது. எழுத்தின் உருவமே ஓர் அழைப்பாகும் என்பதற்கு இவ்விரு சஞ்சிகைகளும் சான்று.

பெயர் மேலே நிற்பதற்குக் காரணம் அழகன்று, கடைத்தட்டு. சஞ்சிகைகளைத் தட்டிற் சரித்து அடுக்குமிடத்து, முன்வரிசை இதழ் பின்வரிசை இதழின் அடிப்பாகத்தை மறைக்கும். பக்கவாட்டில் அடுக்கினால் இடப்பக்க ஓரமே வெளியே தெரியும். ஆதலின் இதழின் பெயரும் முதன்மையான குறிப்புக்களும் மேற்பாகத்தையும் இடப்பக்கத்தையும் நாடின. விலை, தேதி, பட்டைக் குறியீடு ஆகியன விற்போனுக்கு வேண்டியவை. வாங்குவோனை ஈர்ப்பன அல்ல. எனவே அவை ஓரத்தில் ஒதுங்கின. இதற்குமேல் இதில் ஆராய்தற்கு ஒன்றுமில்லை.

படத்தின் இலக்கணம் நுட்பமானது. முகப்பிற்கு ஒருவர் முகம். மார்பளவில் நெருங்கி எடுத்த படம். கண்கள் வாசகனை நேரே நோக்குதல். இது பொதுவிதி. மக்கட் கூட்டத்தினிடையே நம்மை உற்று நோக்கும் ஒரு சோடிக் கண்களை நாம் எளிதிற் கடந்து செல்ல மாட்டோம் என்பதே இதன் அடிப்படை. சில சஞ்சிகைகளில் அம்முகத்தின் தலை, பெயரெழுத்தின் ஒரு பகுதியை மறைத்து நிற்கும். மாணாக்கர் இதனைக் கண்டு தாமும் அவ்வாறே செய்வர். ஆனால், பெயரின் பாதியைக் கண்டே முழுவதையும் அறிந்துகொள்ளும் வாசகர் உள்ள சஞ்சிகைக்கே அவ்வுரிமை உண்டு. நேற்றுப் பிறந்த சஞ்சிகையின் பெயரை மறைத்தால் எஞ்சுவது யாது?

இனி, முகப்பு வரிகள். உள்ளே இருப்பதனை வெளியே அறிவிக்கும் சிறு குறிப்புக்களை முகத்தின் இருமருங்கும் நிரப்புவது மரபு. அம்மரபினை முற்றாகத் துறந்த முகப்பு ஒன்று உண்டு. 1980 டிசம்பர் 8 ஆந் தேதி, அனி லீபோவிற்ஸ் என்னும் படப்பிடிப்பாளர் ஜோன் லெனனையும் அவர் மனைவி யோக்கோ ஓனோவையும் படமெடுத்தார். அன்றிரவே லெனன் சுட்டுக்கொல்லப்பட்டார். 1981 ஜனவரி 22 தேதியிட்ட ‘றோலிங் ஸ்ரோன்’ இதழ் அப்படத்தை முகப்பாகத் தாங்கி வந்தது. ஆடையற்ற கணவன், கரிய உடையணிந்த மனைவியைக் குழந்தைபோற் பற்றிக்கொண்டு கிடக்கிறான். அவன் கண்கள் மூடியுள்ளன. அவள் பார்வை வேறெங்கோ செல்கிறது. நம்மை நோக்கும் கண் ஒன்றேனும் இல்லை. சஞ்சிகையின் பெயருக்குக் கீழே தலைப்பில்லை, விளம்பர வரியில்லை, இறந்தவர் பெயர்கூட இல்லை. இப்படத்தின் ஆடையின்மை கண்டு முகஞ்சுளிப்போர் நம்மிடையே இருக்கலாம். அவ்வழக்கை ஈண்டு எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அமெரிக்கச் சஞ்சிகை ஆசிரியர் கழகம் 2005 ஆம் ஆண்டில், முந்திய நாற்பதாண்டுகளின் தலைசிறந்த சஞ்சிகை முகப்பாக இதனையே தெரிந்தது.

இங்கே விதி மீறப்பட்டது மெய். ஆனால் முகப்பு வரி எதற்கு? உள்ளே யாதுளது என அறியாதவனுக்கு அறிவித்தற்கு. அந்த ஜனவரியில் அதனை அறியாதார் யார்? காரணம் இல்லாதவிடத்து விதியும் இல்லையாயிற்று. முதலிதழின் முகப்பிலும் லெனனே இருந்தார் என்பது ஈண்டு நினைக்கத் தக்கது. அது ஒரு திரைப்படத்திற் போர்வீரனாக அவர் நடித்த கோலம். செய்தித்தாள் போன்ற மலிந்த தாளில், படத்துடன் செய்தித் தலைப்புக்களும் கட்டுரையும் கலந்து அச்சிடப்பட்ட முகப்பு அது. அன்று அச்சஞ்சிகையை யாரும் அறியார். ஆதலின் அது பேசவேண்டியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளின் பின்னரே மௌனம் சாதிக்கும் உரிமை அதற்குக் கிடைத்தது.

பரீட்சைச் சபையார் கேட்டதோ புதிய சஞ்சிகை. எதிர்த்தல் என்னும் சொல்லைக் கண்டவுடன் முகப்பு வரிகளை நீக்கிவிடும் மாணாக்கன், பிறர் ஈட்டிய புகழைத் தன் கணக்கிற் செலவிடுகிறான். அங்ஙனமாயின் புதியவன் எதனைத்தான் எதிர்க்கலாம் என வினவலாம். 1986 ஒக்ரோபரில் இலண்டனிலே தோன்றிய ‘கியூ’ சஞ்சிகை அதற்கு விடை கூறும். மார்க் எலனும் டேவிட் ஹெப்வேர்த்தும் அதனை உருவாக்கினர். இசை வார இதழ்கள் இளைஞரையே நோக்கி எழுதிய காலம் அது. வயது முதிர்ந்தும் இசையை விடாதவர், புதிதாய் வந்த குறுந்தட்டில் தம் பழைய இசைத்தட்டுக்களை மீண்டும் வாங்கிக் கொண்டிருந்தவர், அவர்களுக்கென ஓர் இதழ் இல்லை. அக்குறையைக் கண்டவர்கள் பளபளப்பான தாளில் மாத இதழாக அதனை வெளியிட்டனர். முதல் முகப்பில் போல் மக்காட்னி. இசைத்தட்டை ஒலிக்க ஆயத்தஞ் செய்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லே முதலிற் பெயராகக் கருதப்பட்டது. அது மேசைப் பந்தாட்டத்துக் கோலையும் குறிக்குமாதலின், விளையாட்டு இதழென மயங்குவர் என்றஞ்சி ஒற்றை எழுத்தாகச் சுருக்கினர். சிவந்த சதுரத்துள் வெள்ளெழுத்து ஒன்று. எத்துணை தூரத்திலிருந்தும் கண்ணிற்படும். பெயர் நீண்டு மேற்பகுதி முழுவதும் பரத்தல் வேண்டும் என்னும் வழக்கை அவர்கள் மீறினர். பெயர் விரைவிற் புலப்படுதல் வேண்டும் என்னும் காரணத்தை மீறவில்லை.

மற்றொன்று, தமிழறிந்தார்க்குச் சுவை தருவது. நாம் ஒருவரை நீ என்றும் நீர் என்றும் நீங்கள் என்றும் விளிக்கலாம். சொல்லே உறவைக் காட்டிவிடும். இக்கால ஆங்கிலத்துக்கு இருப்பது பெரும்பாலும் ஒரே முன்னிலைச் சொல். ஆகவே வாசகனைத் தோழன்போல் அழைப்பதா, மதிப்புடன் அணுகுவதா என்பதை எழுத்தின் உருவும் நிறமும் வெற்றிடமுமே உணர்த்த வேண்டியுள்ளன. 1923 இல் கொம்ரன் மக்கன்சி தொடங்கிய ‘கிராமபோன்’ சஞ்சிகை செவ்வியல் இசைக்குரியது. அதன் பக்கத்தில் எழுத்து அடங்கி நிற்கும், ஓரவெளி தாராளமாயிருக்கும். ‘கெராங்’ சஞ்சிகையிற் படமும் எழுத்தும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும். முன்னையது நீங்கள் என்கிறது. பின்னையது டேய் என்கிறது. மாணாக்கன் தன் சஞ்சிகைக்கு நிறந்தேர்வதற்கு முன்னர், வாசகனை எவ்வாறு விளிக்கப் போகிறான் என்பதைத் தேர்தல் வேண்டும்.

உட்பக்கங்களைப் பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. கட்டுரையின் முதலெழுத்தைப் பெருக்குதல், பாடகர் கூற்றிலிருந்து ஒரு வாக்கியத்தைப் பிரித்துப் பெரிதாய் இடுதல், எழுத்தை ஒடுங்கிய நிரல்களாகப் பகுத்தல் ஆகியன எல்லாச் சஞ்சிகைக்கும் பொது. இரு பக்கம் விரியும் படத்தில் மட்டும் ஒரு பிழை அடிக்கடி நேர்கிறது. கணனித் திரையில் இரு பக்கமும் ஒரே தளமாய்த் தோன்றும். அச்சாகித் தைத்தபின் நடுவே மடிப்பு விழும். பாடகியின் மூக்கோ கண்ணோ அம்மடிப்பில் அகப்பட்டால் முகம் சிதையும். முகத்தை ஒரு பக்கத்திலே நிறுத்தி, மறுபக்கத்தை எழுத்துக்கு ஒதுக்கும் மரபு இதனாலேயே உண்டாயிற்று.

பட்டியலிடும் மரபும் குறிக்கத்தக்கதே. 1952 நவம்பர் 14 ஆந் தேதி, ‘நியூ மியூசிக்கல் எக்ஸ்பிரஸ்’ வார இதழ், ஏறத்தாழ இருபது இசைத்தட்டுக் கடைகளுக்குத் தொலைபேசி வழியாக விசாரித்து, அதிகம் விற்ற பாடல்களின் வரிசையை வெளியிட்டது. பிரித்தானியாவின் முதல் விற்பனை வரிசை அதுவே. அன்றுதொட்டு எண் என்பது இசைச் சஞ்சிகையின் ஒரு கருவியாயிற்று. வரிசையைக் கண்டவன் அதனோடு வழக்காடாமல் இரான்.

அவ்விதழ் 2015 செப்டெம்பரில் விலையின்றி வழங்கப்படத் தொடங்கிற்று. 2018 மார்ச்சில் அச்சு வார இதழாக வருவது நின்றது. ‘றோலிங் ஸ்ரோன்’ தன் அகன்ற வடிவைக் கைவிட்டு ஏனைய சஞ்சிகைகளின் அளவுக்குச் சுருங்கியது 2008 இல். ‘கியூ’ 2020 ஜூலையில் இறுதியிதழை வெளியிட்டு ஓய்ந்தது. கடைத்தட்டு பலவிடத்து மறைய, முகப்பு இன்று கைத்தொலைபேசித் திரையில் முத்திரைத்தலை அளவிற் காணப்படுகிறது. அவ்வளவிற் பக்கவரிகளைப் படிக்கவியலாது. முகமும் பெயருமே எஞ்சும். ஆகவே இன்று முகப்பொன்றை அமைக்கும் மாணாக்கனுக்கு இரு சோதனைகள் சொல்லலாம். அச்சிட்ட படியை வேறு பத்துச் சஞ்சிகைகளின் நடுவே சுவரோரம் சாய்த்து, எட்டடி தள்ளி நின்று நோக்குக. பின்னர் அதனைப் பெருவிரல் நக அளவுக்குக் குறுக்கி நோக்குக. ஈரிடத்தும் பெயர் தெரிகிறதா என்பதை, அச்சஞ்சிகையை முன்பின் கண்டிராத ஒருவரைக் கொண்டு சொல்லச் செய்க.