ஒரு தீப்பெட்டி... மூன்று கணக்கு!

குட்டீஸ்... கணக்குப் பரீட்சை என்றதும் வயிற்றைக் கலக்குகிறதா? சராசரி, முக்கோணம், எக்ஸ், ஒய் எல்லாம் சேர்ந்து பயமுறுத்துகின்றனவா? கவலையை விடுங்கள். ஒரு தீப்பெட்டியை வைத்தே மூன்றையும் ஒரு கை பார்த்துவிடலாம்!

விருதுநகர் மாவட்டத்தில் உள்ள சிவகாசி, சாத்தூர் பகுதிகளில் பட்டாசைப் போலவே தீப்பெட்டியும் முக்கியமான தொழில். 14 ஆண்டுகளாக 1 ரூபாய்க்கு விற்ற தீப்பெட்டி, 2021 டிசம்பர் 1 முதல் 2 ரூபாய் ஆனது. சிவப்பு பாஸ்பரஸ், மெழுகு, அட்டை ஆகியவற்றின் விலை ஏறியதுதான் காரணம். கூடவே, பெட்டியில் 36 குச்சிகளுக்குப் பதில் 50 குச்சிகள் இருக்கும் என்றும் உற்பத்தியாளர்கள் அறிவித்தார்கள்.

'அடேயப்பா, இரண்டு மடங்கு விலையா?' என்று தோன்றும். வகுத்துப் பாருங்கள். முன்பு 100 பைசாவுக்கு 36 குச்சி. ஒன்று சுமார் 2.8 பைசா. விலை ஏறிய பிறகு 200 பைசாவுக்கு 50 குச்சி. ஒன்று 4 பைசா. குச்சியின் விலை ஏறியிருக்கிறது. ஆனால், இரண்டு மடங்கு ஆகவில்லை! கணக்கு தெரிந்தால், யார் என்ன சொன்னாலும் நாமே சரிபார்க்கலாம்.

சரி, செய்து பார்ப்போமா? நிஜத் தீக்குச்சி வேண்டவே வேண்டாம். துடைப்பத்து ஈர்க்குச்சியை ஒரே நீளத்தில் 50 துண்டுகளாக நறுக்கிக்கொள்ளுங்கள்.

சராசரி

ஐந்து பெட்டிகளை எண்ணியதில் 48, 51, 50, 49, 22 குச்சிகள் இருந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டினால் 220. ஐந்தால் வகுத்தால் சராசரி 44. ஆனால், எந்தப் பெட்டியிலாவது 44 குச்சி இருக்கிறதா? இல்லையே! பாதி காலியான ஒரே ஒரு பெட்டி, சராசரியைக் கீழே இழுத்துவிட்டது.

இப்போது சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள்: 22, 48, 49, 50, 51. நடுவில் நிற்பது 49. இதுதான் 'இடைநிலை அளவு'. சராசரியை மட்டும் நம்பாமல் இதையும் ஏன் படிக்கிறோம் என்று புரிகிறதா?

வடிவியல்

12 குச்சிகளை எடுத்து, பக்கங்கள் 3, 4, 5 வரும்படி முக்கோணம் அமையுங்கள். 3-ம் 4-ம் சேரும் மூலையில் நோட்டுப் புத்தகத்தின் முனையை வைத்துப் பாருங்கள். கச்சிதமாகப் பொருந்தும். அது செங்கோணம்! வீடு கட்டும்போது மூலை சரியாக இருக்கிறதா என்று பார்க்கக் கொத்தனார்களும் இந்த 3, 4, 5 கணக்கைப் பயன்படுத்துவது உண்டு.

இயற்கணிதம்

ஒரு சதுரம் அமைக்க 4 குச்சி. அதை ஒட்டி அடுத்த சதுரம் அமைக்க 3 குச்சி போதும். ஒரு பக்கம்தான் ஏற்கெனவே இருக்கிறதே! இப்படியே போனால் 4, 7, 10, 13... சதுரங்களின் எண்ணிக்கையை 3-ஆல் பெருக்கி 1 கூட்டினால், தேவையான குச்சிகள் கிடைத்துவிடும். எண்ணிக்கையை 'எக்ஸ்' என்று வைத்தால் 3எக்ஸ் + 1. எக்ஸ் என்றால் பூச்சாண்டி இல்லை. 'இன்னும் எண்ணவில்லை' என்று அர்த்தம், அவ்வளவுதான்! 100 சதுரத்துக்கு 301 குச்சி. 50 குச்சி இருந்தால்? 16 சதுரம் அமைத்து, 1 குச்சி மிச்சம்.

குச்சியை அடுக்கிப் பார்த்துவிட்டு, பிறகு சூத்திரத்தை எழுதுங்கள். மனப்பாடம் செய்யாமலே மனதில் நிற்கும்.

இன்னொரு விஷயம் குட்டீஸ்... ஒரு காலத்தில் இந்தப் பகுதித் தீப்பெட்டித் தொழிலில் உங்கள் வயதுப் பிள்ளைகள் நிறையப் பேர் வேலை பார்த்தார்கள். அடைத்த பெட்டிக்கு ஏற்பத்தான் கூலி. நாள் முழுக்கப் பெட்டிகளை எண்ணிய அவர்களில் பலருக்கு, பள்ளியில் உட்கார்ந்து கணக்குப் படிக்கக் கொடுத்துவைக்கவில்லை. சிவகாசிச் சிறுவர்களுக்காகத் தொடரப்பட்ட வழக்கில், சட்டத்தை மீறிக் குழந்தையை வேலைக்கு வைத்தவர், ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்று 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ல் திருத்தப்பட்ட சட்டப்படி, 18 வயது நிரம்பாத யாரையும் இதுபோன்ற ஆபத்தான வேலைகளில் சேர்க்கக் கூடாது.

அவர்களுக்குக் கிடைக்காத கணக்கு வகுப்பு, நமக்குக் கிடைத்திருக்கிறது. பயந்து ஒதுங்கலாமா?

உங்களுக்கு ஒரு புதிர்: சதுரத்துக்குப் பதில் முக்கோணங்களை ஒட்டி ஒட்டி வரிசையாக அமைத்தால், 50 குச்சியில் எத்தனை முக்கோணம் வரும்?

(விடை: 3, 5, 7... என்று போகும், அதாவது 2எக்ஸ் + 1. 24 முக்கோணம், 1 குச்சி மிச்சம்.)