கையில் வாள்... நாவில் மந்திரம்!

விசுவாமித்திரர் முதலில் ராஜா, பிறகுதான் ரிஷி. வில்லைக் கீழே வைத்துவிட்டுத் தவத்தில் உட்கார்ந்தவர். இந்திரஜித் அப்படி இல்லை. மாயத்தால் மறைந்து நின்றுகொண்டே அம்பு விடுவான். அவனுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வேண்டும். இதில் யார் வழி லாபம்? புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில், விடுமுறைக்கு வந்த பிள்ளைகள் இதற்காகத்தான் ஒரு மாலை முழுக்கச் சண்டை போட்டார்கள். ஆனால், அவர்கள் பேசியது ராமாயணம் இல்லை. ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’.

1974-ல் அமெரிக்காவின் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் வெளியிட்ட விளையாட்டு இது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, ‘நான் கதவை உடைக்கிறேன்’, ‘நான் ஒளிந்துகொள்கிறேன்’ என்று கதைக்குள் நடப்பார்கள். அடி விழுந்ததா, தப்பியதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். அனுபவம் சேரச் சேர லெவல் ஏறும். உச்சம் 20.

வீரன் என்றால் வாள், மந்திரவாதி என்றால் மந்திரம். இரண்டும் வேண்டும் என்பவருக்குத்தான் கஷ்டம். 1981-ல் வந்த பேசிக் பதிப்பில் ‘எல்ஃப்’ இரண்டையும் செய்வார். ஆனால் இரண்டாம் லெவலுக்குப் போக வீரனுக்கு 2,000 புள்ளி, மந்திரவாதிக்கு 2,500, எல்ஃபுக்கோ 4,000! பிளஸ் டூவில் பயோ-மேத்ஸ் எடுத்த பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கை விளக்கவே வேண்டாம்.

2000-ல் வந்த மூன்றாம் பதிப்பு ஒரு வழி திறந்தது. அதன் பெயர் ‘பிரெஸ்டீஜ் கிளாஸ்’. முதல் நாளே இதில் சேர முடியாது. குறிப்பிட்ட தகுதிகளைச் சம்பாதித்த பிறகே கதவு திறக்கும். பட்டப்படிப்பு முடித்தவருக்குத்தான் மேற்படிப்பு என்பதுபோல. 2003 திருத்தப் பதிப்பில் வந்த ‘எல்ட்ரிச் நைட்’ வாளையும் மந்திரத்தையும் சேர்ப்பவர்களுக்கே ஆனது. போர் ஆயுதங்கள் எல்லாவற்றிலும் பயிற்சி வேண்டும். மூன்றாம் நிலை மந்திரமும் கைவர வேண்டும். வீரனாக ஒரு லெவல், மந்திரவாதியாக ஐந்து லெவல் போனால் போதும்.

உள்ளே போனபின் பத்து லெவலும் வாள் திறன் வீரனைப் போலவே ஏறும். மந்திரம் ஒன்பது லெவலுக்கு ஏறும். முதல் லெவலில் மட்டும் ஏறாது. இங்கேதான் பிள்ளைகள் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தார்கள். மீதி நான்கு லெவலையும் மந்திரவாதிக்கே கொடுத்தால் தாக்குதல் எண் 15-ல் நின்றுவிடும். ஒரு சுற்றில் நான்கு அடி அடிக்க 16 வேண்டும். வீரனுக்கு இன்னும் ஒன்று கொடுத்து வீரன் 2, மந்திரவாதி 8, எல்ட்ரிச் நைட் 10 என்று வைத்துப் பாருங்கள். தாக்குதல் எண் சரியாக 16. மந்திர பலம் 17. ஒன்பதாம் நிலை மந்திரத்துக்குத் தேவையானதும் அதே 17! ஒரு லெவல் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நகர்ந்தால் ஏதோ ஒன்று போய்விடும்.

கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இது கைக்கு வருவது இருபதாம் லெவலில். வாரம் ஒருநாள் கூடி விளையாடுகிறவர்கள் எத்தனை பேர் அதுவரை போவார்கள்? கல்லூரி திறந்தால் பாதிப் பேர் காணாமல் போவார்கள். அதனால் நான் பார்ப்பது ஐந்திலிருந்து ஒன்பது வரை. ஐந்தாம் லெவலில் முழு மந்திரவாதி நெருப்புப் பந்து வீசும்போது நம் ஆள் வேடிக்கை பார்க்க வேண்டும். அவருக்கு அது ஆறில்தான், வீரன் பக்கம் இரண்டு லெவல் கொடுத்திருந்தால் ஏழில்தான். நான்காம் நிலை மந்திரம் அவருக்கு ஏழில் என்றால் இவருக்கு ஒன்பதிலோ பத்திலோ. அந்த மாலைகளில்தான் ‘எனக்கு போர் அடிக்குது’ என்று ஒரு பிள்ளை எழுந்து போகும்.

கவசமும் ஒரு தொல்லை. முழு இரும்புக் கவசத்தோடு கையசைத்து மந்திரம் போட்டால் 35 சதவிகிதம் வீணாகும், சாதாரணத் தோல் கவசத்துக்கே 10 சதவிகிதம். ‘மேஜ் ஆர்மர்’ என்ற முதல் நிலை மந்திரம் ஒரு சங்கிலிச் சட்டை அளவுக்குப் பாதுகாப்பு தரும், மணிக்கணக்கில் நிற்கும். இரும்பு வாங்கும் காசும் மிச்சம்.

2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பு காத்திருப்பைக் குறைத்துவிட்டது. வீரனின் மூன்றாம் லெவலிலேயே எல்ட்ரிச் நைட் ஆகலாம். ஆனால் மந்திரம் நான்காம் நிலையோடு சரி. சீக்கிரம் கிடைக்கும், கொஞ்சமாகக் கிடைக்கும். புதிதாக ஆரம்பிக்கும் பிள்ளைகளுக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

பழைய வழிதான் வேண்டும் என்று ஒருவர் அடம்பிடித்தால், கதை சொல்பவர் கொஞ்சம் இரக்கம் காட்டலாம். ஐந்தாம் லெவலில் கிடைக்கும் புதையலில் ஒரு மந்திரக்கோலை வைத்துவிடுங்கள், அந்தப் பாத்திரம் கையில் எடுக்கும்படியாக.