லார்க்கினில் தோற்றார், லியோனில் ஜெயித்தார்: யார் இந்த மஹ்தவிகியா?

ஜோகூர் பாருவின் லார்க்கின் அரங்கத்தைப் பலமுறை கடந்து போயிருப்பீர்கள். ஈரானின் மிகச் சிறந்த விங்கர் ஒருவரின் கதையில் அந்த இடத்துக்கும் பங்கு உண்டு. அவர் மெஹ்தி மஹ்தவிகியா. 1977இல் தெஹ்ரானில் பிறந்தவர்.

விங்கர் என்றால் திடலின் ஓரக்கோட்டை ஒட்டி விளையாடும் ஆட்டக்காரர். எதிரணியின் தற்காப்பு ஆட்டக்காரரை ஓடி முந்தணும், பிறகு கோல் கம்பத்துக்கு முன் நிற்கும் சகாவுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கணும். மஹ்தவிகியாவுக்கு வலப்பக்கம். அவருடைய வேகத்தைப் பார்த்த ரசிகர்கள் வைத்த பெயர் 'ராக்கெட்'.

லார்க்கினில் என்ன நடந்தது?

1997 நவம்பர் 16. அடுத்த ஆண்டு பிரான்ஸில் நடக்கவிருந்த உலகக் கிண்ணத்துக்குத் தகுதிபெற ஈரானும் ஜப்பானும் மோதின. பொதுவான இடம் வேண்டும் என்பதால் ஆட்டம் ஜோகூர் பாருவுக்கு வந்தது. பொது இடம் என்பது பேருக்குத்தான். அரங்கம் முழுக்க ஜப்பான் ரசிகர்களின் நீல நிறம்!

ஜப்பான் முதலில் கோல் போட்டது. இடைவேளைக்குப் பிறகு அஸிஸி, அலி தாயி இருவரும் கோல் போட, ஈரான் 2-1 என முன்னிலைக்கு வந்தது. ஜப்பான் மறுபடியும் சமன் செய்தது. கூடுதல் நேரத்தில் 'தங்க கோல்' விதி, அதாவது முதலில் கோல் போடும் அணிக்கே வெற்றி. 118ஆவது நிமிடத்தில் ஒகானோ கோல் போட்டார். அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. உலகக் கிண்ணத்துக்கு முதன்முறையாகத் தகுதிபெற்ற ஜப்பான், அந்த இரவை இன்றும் ஜோகூர் பாருவின் பெயரோடு சேர்த்தே நினைவுகூர்கிறது.

20 வயது மஹ்தவிகியாவுக்கும் அவருடைய அணிக்கும் கடைசியாக ஒரு வாய்ப்பு இருந்தது, ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. தெஹ்ரானில் 1-1. மெல்பர்னில் 2-0 எனப் பின்தங்கிய ஈரான், பிறகு 2 கோல் போட்டுச் சமன் செய்தது. எதிரணியின் மண்ணில் அதிக கோல் போட்டதால் பிரான்ஸுக்குப் போகும் வாய்ப்பு ஈரானுக்கு.

லியோன், 84ஆவது நிமிடம்

பிரான்ஸில் ஈரான் இருந்த பிரிவில் அமெரிக்காவும் இருந்தது. 1980 முதல் இரு நாடுகளுக்கும் அரசதந்திர உறவே கிடையாது. எல்லாரும் பதற்றத்தோடு காத்திருந்த ஆட்டம் அது. கைகுலுக்க எந்த அணி நடந்து போவது என்பதுகூடப் பேசித் தீர்க்க வேண்டிய பிரச்சினை ஆனது! கடைசியில் அமெரிக்க ஆட்டக்காரர்கள் நடந்து வந்தனர். ஈரான் ஆட்டக்காரர்கள் அவர்களுக்கு வெள்ளை ரோஜாக்களைக் கொடுத்தனர். இரு அணிகளும் கலந்து நின்று படம் எடுத்துக்கொண்டன.

முதல் பாதியில் எஸ்திலி தலையால் முட்டி ஒரு கோல். பிறகு 84ஆவது நிமிடத்தில் அமெரிக்கா முழு அணியாக முன்னேறித் தாக்கியபோது பின்னால் பெரிய இடைவெளி. பந்தோடு தனியாக ஓடினார் மஹ்தவிகியா. எதிரில் கோல் காவலர் கேசி கெல்லர் மட்டும். கோல்! அமெரிக்கா ஒரு கோலைத் திருப்பினாலும் 2-1 என ஈரான் வென்றது. உலகக் கிண்ணத்தில் ஈரானுக்கு அதுதான் முதல் வெற்றி. தெஹ்ரான் வீதிகளில் விடிய விடியக் கொண்டாட்டம். இரு அணிகளுமே அடுத்த சுற்றுக்குப் போகவில்லை என்பதை இன்று யாரும் பெரிதாகப் பேசுவதில்லை.

ஹாம்பர்க்கில் 8 ஆண்டுகள்

உலகக் கிண்ணம் முடிந்ததும் ஜெர்மனியின் போஹும் குழு. ஓராண்டில் ஹாம்பர்க். 2007 வரை அங்கேதான். 2000இல் யுவென்டஸுக்கு எதிராக 4-4 என முடிந்த சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் அவரும் ஒரு கோல் போட்டார். 2003இல் ஆசியாவின் சிறந்த ஆட்டக்காரர் விருது கிடைத்தது. புண்டஸ்லீகாவில் ஆசிய ஆட்டக்காரர்கள் இன்று சாதாரணம். அப்போது அப்படி இல்லை.

2007இல் ஆசியக் கிண்ணத்துக்காகக் கோலாலம்பூர் வந்தார், இம்முறை அணித்தலைவராக. புக்கிட் ஜாலிலில் மலேசியாவை ஈரான் 2-0 என வென்றது. காலிறுதியில் தென்கொரியாவிடம் பெனால்டியில் தோற்றது. மலேசிய மண் அவருக்கு ராசியில்லை போல!

பச்சைப் பட்டை

2009 ஜூன் 12இல் ஈரானில் அதிபர் தேர்தல். முடிவு மோசடி என்று சொல்லி மக்கள் வீதிக்கு வந்தனர். எதிர்த்தரப்பு வேட்பாளர் மூசாவியின் பிரசார நிறம் பச்சை. ஐந்து நாள் கழித்து, சோல் நகரில் உலகக் கிண்ணத் தகுதிச் சுற்று ஆட்டம். ஈரான் ஆட்டக்காரர்கள் சிலர் கையில் பச்சைப் பட்டையோடு திடலுக்கு வந்தனர்.

இடைவேளைக்குப் பிறகு பெரும்பாலோர் கைகளில் அது இல்லை. மஹ்தவிகியா ஆட்டம் முடியும்வரை கழற்றவில்லை.

ஆட்டம் 1-1. அடுத்த உலகக் கிண்ணத்துக்குச் செல்லும் வாய்ப்பு ஈரானுக்குக் கைநழுவியது. பட்டை கட்டிய சிலருக்கு ஆயுள் தடை என்று செய்திகள் வந்தன. ஈரான் காற்பந்துச் சங்கம் அதை மறுத்தது. எப்படியோ, 100க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் நாட்டைப் பிரதிநிதித்த மஹ்தவிகியா, அதன் பிறகு தேசிய அணிக்காக ஆடவே இல்லை.

2010இல் பிராங்க்ஃபர்ட் குழுவிலிருந்து விலகி ஈரான் திரும்பினார். 2013இல், தொடங்கிய அதே பெர்செபொலிஸ் குழுவில் ஓய்வு பெற்றார். பிறகு அவர் தொடங்கிய 'கியா' பயிற்சிக்கழகத்தில் சிறுவர்கள் காற்பந்து கற்றுக்கொள்கிறார்கள்.