இழந்தவனே ஸ்ரீமான்

காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில், தொழிலாளர்களின் கூலிப் பாக்கியைத் தீர்க்க விசைப்படகையே விற்றுவிட்ட ஒருவர் அடியேனிடம் வருந்தினார்: "சாமி, படகு இருந்தவரைக்கும் முதலாளின்னாங்க; இப்ப பேரைச் சொல்லித்தான் கூப்பிடறாங்க."

ஸ்ரீராமாயணத்து யுத்தகாண்டத்தில் ஒரு பதம் நினைவுக்கு வந்தது. பிராட்டியைத் திருப்பித் தருவதே தர்மமென்று சொன்னதற்காக இராவணனால் இகழப்பட்டு, மனை மக்கள் இலங்கைச் செல்வம் யாவும் விட்டு ஆகாயத்தில் எழும்பினான் ஸ்ரீவிபீஷணாழ்வான். கையில் ஒரு கதை, உடன் நால்வர், நிற்க ஓரடி நிலமில்லை. அந்நிலையிலே வால்மீகி பகவான் அவனை 'ஸ்ரீமான்' என்கிறார்.

எல்லாம் இழந்தவனுக்கு ஸ்ரீ ஏதென்னில், கைங்கர்யஸ்ரீ என்று நிர்வஹிப்பர் நம் பூர்வர்கள். அதர்மத்தோடு ஒட்டற்றபோதே அது வந்து சேர்ந்தது. முதலையின் வாயில் கால் அகப்பட்ட கஜேந்திரனையும் அப்பெயராலேயே சொல்லுவர்.

பின்பு இலங்கையரசு கிடைத்ததே என்பாருமுளர். கிடைத்தது மெய், ஆயினும் அப்பதம் முடிசூட்டுக்கு முந்தியது. அந்த அபிஷேகத்துக்கும் வேறு புண்ணிய தீர்த்தம் வரவில்லை. பெருமாள் நியமிக்க, இளையபெருமாள் கொணர்ந்த ஸமுத்ர ஜலமே அபிஷேக தீர்த்தமாயிற்று.

"இந்தக் கடல் தண்ணியா, சாமி?" என்று கேட்டு, அவர் அன்று முதன்முறையாகச் சிரித்தார்.